எழுபது வயசு வரைக்கும் தாக்குப் பிடிச்சாத்தான் காப்பீடா?



ஒரு சின்னக் கேள்வி. இந்த நாட்டுல ஒருத்தர் எந்த வயசுல மூத்த குடிமகன் ஆகிறார்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 சொல்கிறது: 60.

வருமான வரிச் சட்டம் சொல்கிறது: 60.

1999-ல் வந்த முதியோருக்கான தேசியக் கொள்கை சொல்கிறது: 60.

பேங்க்ல ஃபிக்ஸட் டெபாசிட் போடப் போனா, கூடுதல் வட்டி தர்றதுக்கு கவுன்டர்ல கேக்குற வயசும் 60 தான்.

ஆனா அதே மனுஷன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா மட்டும் ஒன்றிய அரசோட கணக்கு மாறிடுது. "இன்னும் பத்து வருஷம் பொறுங்க, 70 ஆகட்டும், அப்புறம் கார்டு தர்றோம்"னு சொல்லுது.

2024 அக்டோபர் 29 அன்று பெரிய விளம்பரத்தோட ஒரு திட்டம் விரிவாக்கப்பட்டது ஞாபகம் இருக்கா? ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல 70 வயசு தாண்டிய எல்லாருக்கும், வருமான வரம்பே இல்லாம, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. சுமார் 6 கோடி முதியவர்களுக்குப் பலன்னு சொன்னாங்க. 70 தாண்டினவங்களுக்குக் கிடைக்குது, நல்ல விஷயம். அதை யாரும் குறை சொல்லல. நாம கேக்குறது வேற. ஏன் 70? 60-ன்னு எல்லா சட்டத்துலயும் எழுதி வச்சுட்டு, உயிர் போற விஷயத்துல மட்டும் கோட்டை ஏன் பத்து வருஷம் தள்ளிப் போட்டீங்க?

தனியார் கம்பெனியில் பெரும்பாலும் ஓய்வு 58-ல. இபிஎஃப் பென்ஷன் தொடங்குற வயசும் 58. அப்படின்னா 58-லிருந்து 70 வரைக்கும் 12 வருஷம். சுகர், பிரஷர், இதயம், சிறுநீரகம், மூட்டுன்னு எல்லாம் வரிசை கட்டி வர்ற 12 வருஷம். சம்பளமும் இல்லாத 12 வருஷம். கம்பெனி கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸும் போயிடும். அரசு காப்பீடும் வந்திருக்காது.

இந்தப் பள்ளத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனா உங்க வீட்டுல 45 தாண்டின ஒருத்தர் இருந்தா முழுசா படிங்க.

இந்தப் பள்ளத்துல யாரெல்லாம் இருக்காங்க?

"ஏழைகளுக்குத்தான் ஏற்கனவே திட்டம் இருக்கே"ன்னு உடனே ஒரு கூட்டம் கமெண்ட்டுக்கு வரும். இருக்கு. தமிழ்நாட்டுல 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமா ஆரம்பிச்சு, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமா மாறி, இன்னைக்கு ஆயுஷ்மான் பாரத்தோட இணைஞ்சு ஓடிக்கிட்டு இருக்கு. லட்சக்கணக்கான குடும்பங்களைக் காப்பாத்தின திட்டம். அதுல வருமான வரம்புக்குள்ள இருக்குற குடும்பத்துக்கு வயசுத் தடையும் கிடையாது.

ஆனா அந்த வருமான வரம்பு எவ்வளவு? 72,000 ரூபாயா இருந்தது, 2022-ல 1,20,000 ஆச்சு. அது குடும்ப ஆண்டு வருமானம். மாசக் கணக்குல 10,000 ரூபாய். ஒரு வீட்டுல அப்பா வாட்ச்மேன் வேலைக்கும், அம்மா பனியன் கம்பெனிக்கும் போனா, ரெண்டு பேர் சம்பளத்தைக் கூட்டினாலே வரம்பு தாண்டிடும். அவங்க பணக்காரங்களா?

அடுத்து இஎஸ்ஐ. 1948-ல் சட்டம் வந்து, தொழிலாளி வர்க்கம் போராடிக் காப்பாத்தி வச்சிருக்குற அருமையான பாதுகாப்பு. அதோட சம்பள வரம்பு 21,000 ரூபாய். எப்போதிலிருந்து? 2017 ஜனவரி 1-லிருந்து. அதுக்கப்புறம் அரிசி விலை ஏறுச்சு, கேஸ் விலை ஏறுச்சு, பெட்ரோல் 100-ஐ தாண்டுச்சு. ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசருக்கு இன்க்ரிமென்ட் போட்டு 21,500 ஆனா, அவருக்குக் கிடைக்கிற பரிசு என்ன தெரியுமா? சம்பளத்துல 500 கூடுது, குடும்பத்துக்கே இருந்த மருத்துவப் பாதுகாப்பு போயிடுது.

அடுத்து ஐடி, ஆட்டோமொபைல் ஆட்கள். மறைமலை நகர்ல ஃபோர்டு ஆலை 2022-ல உற்பத்தியை நிறுத்தினப்போ நாம எல்லாம் பாத்தோம். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறோம்னு அறிவிச்சது. அதுவும் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்கள். 45 வயசுல, 48 வயசுல ஒருத்தரை வெளிய அனுப்பும்போது போறது சம்பளம் மட்டுமில்ல. மனைவி, பிள்ளைகள், சில கம்பெனிகள்ல பெத்தவங்க வரைக்கும் சேர்த்துப் போட்டிருந்த குரூப் பாலிசியும் அவரோட ஐடி கார்டோட சேர்ந்து போகும்.

இன்னொரு பெரிய கூட்டம் இருக்கு, யாருமே பேச மாட்டாங்க. நம்ம வீட்டு அம்மாக்கள். வாழ்நாள் முழுக்க உழைச்சும் அவங்க பேர்ல ஒரு பாலிசி கிடையாது. வீட்டுக்காரர் வேலைக்குப் போற வரைக்கும் அவரோட கார்டுல ஒரு பேரா இருப்பாங்க. அவர் ரிடையர் ஆனா இவங்க பேரும் அழியும்.

இதெல்லாம் நம்ம கற்பனை இல்ல. ஒன்றிய அரசோட நிதி ஆயோக் 2021-ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. ஏழைகளுக்கான திட்டத்துலயும் வராம, இஎஸ்ஐ மாதிரி திட்டத்துலயும் வராம, தனியார் பாலிசியும் வாங்க முடியாம நடுவுல விடுபட்டுப் போனவங்க மக்கள் தொகையில் 30 சதவீதம், சுமார் 40 கோடிப் பேர்னு அவங்களே எழுதினாங்க. எழுதி, அட்டை போட்டு, புத்தகமா வெளியிட்டாங்க. அப்புறம்?

"சின்ன வயசுலயே எடுத்திருக்கணும் சார்"

இது இப்போ ரீல்ஸ்ல ஓடுற பெரிய அறிவுரை. டை கட்டின தம்பி ஒருத்தர் வந்து, "25 வயசுல பாலிசி எடுக்காதது உங்க தப்பு"ன்னு 58 வயசுக்காரரைப் பாத்து சொல்றார்.

சரி, வரலாறு கொஞ்சம் படிப்போம். இன்னைக்கு 58 வயசுல இருக்குறவர் 1967 வாக்குல பிறந்தவர். அவருக்கு 25 வயசு ஆனது 1992-ல. அப்போ இந்தியாவுல தனியார் காப்பீட்டு நிறுவனமே கிடையாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது 1999-ல. அதுக்கு அப்புறம்தான் தனியார் உள்ள வந்தாங்க. 1986-லிருந்து இருந்தது பொதுத்துறை நிறுவனங்களோட மெடிக்ளெய்ம் ஒண்ணுதான். விருதுநகர்ல லேத் பட்டறையில வேலை பாத்த 25 வயசுப் பையனுக்கு 1992-ல மெடிக்ளெய்ம்னா என்னன்னு யார் போய் சொன்னாங்க?

இன்னொண்ணு. சரியா 30 வயசுல எடுத்து வருஷா வருஷம் தவறாம கட்டினவங்க மட்டும் நிம்மதியா இருக்காங்களா? அவங்களையே கேளுங்க. வயசு அடுத்த படிக்கு ஏறினா பிரீமியம் ஏறும். மருத்துவச் செலவு கூடுதுன்னு எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு தடவை ஏறும். 20 வருஷம் க்ளெய்ம் பண்ணாம கட்டிட்டு, உண்மையிலேயே தேவைப்படுற வயசுல கட்ட முடியாம பாலிசியை விட்டவங்க எத்தனை பேர் நம்ம தெருவுலயே இருக்காங்க?

தனி மனுஷனோட கவனக்குறைவுன்னு இதைச் சுருக்கிப் பேசுறது ஒரு அரசியல். அரசோட பொறுப்பை மறைக்கிற அரசியல்.

இன்ஜினியரிங் படிச்ச புத்தி, கணக்கு போடாம விடாது

2025 ஜனவரி மாசக் கடைசியில் ஐஆர்டிஏஐ ஒரு உத்தரவு போட்டுச்சு. 60 தாண்டினவங்களுக்கு ஒரே வருஷத்துல 10 சதவீதத்துக்கு மேல பிரீமியம் ஏத்தணும்னா எங்களைக் கலந்து பேசணும்னு. பெரிய நிவாரணம்னு டிவியில எல்லாம் சொன்னாங்க.

சரி, அந்த 10 சதவீதத்தையே எடுத்துக்குவோம். 58 வயசுல ஒருத்தர் 30,000 ரூபாய் பிரீமியத்துல தனக்கும் மனைவிக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி எடுக்கிறார்னு வச்சுக்குவோம். வருஷம் 10 சதவீதம் ஏறுது.

முதல் வருஷம்: 30,000.
அஞ்சாவது வருஷம்: சுமார் 43,900.
பன்னிரண்டாவது வருஷம்: சுமார் 85,600.
12 வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினது: சுமார் 6 லட்சத்து 41 ஆயிரம்.

அஞ்சு லட்சம் கவருக்கு ஆறே கால் லட்சத்துக்கு மேல கட்டியிருப்பார். இது விதியை ஒழுங்கா மதிக்கிற கம்பெனி கணக்கு. அந்த விதியும் 60-க்கு மேல தான். 45-லிருந்து 59 வரைக்கும் அந்த வேகத்தடையும் இல்லை.

இப்போ வருமானத்தைப் பாப்போம். இபிஎஃப் பென்ஷன் திட்டத்துல குறைந்தபட்ச ஓய்வூதியம் மாசம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பர்ல நிர்ணயிச்சது, பத்து வருஷத்துக்கு மேல அங்கேயே நின்னது. அந்த ஆயிரம் ரூபாயை 12 வருஷம் ஒரு பைசா செலவு பண்ணாம சேர்த்து வச்சா 1,44,000. சோறு திங்காம சேர்த்தாலும் காப்பீட்டுக்கு அஞ்சு லட்சம் இடிக்குது.

30,000-ங்கிறது நான் கணக்குக்காக எடுத்த எண். உங்க அப்பா அம்மா வயசைப் போட்டு, சுகர் இருக்குன்னு உண்மையைப் போட்டு, ஏதாவது ஒரு பாலிசி ஒப்பீட்டுத் தளத்துல இன்னைக்கே தேடிப் பாருங்க. வர்ற தொகையைக் கமெண்ட்ல போடுங்க. நாடே பாக்கட்டும்.

ஏன் இவ்வளவு விலை?

இதுக்கு ஆக்சுவேரியல் சயின்ஸ் எல்லாம் படிக்க வேண்டாம். ஒரு கட்டிடத்தோட பாரத்தை இருபது தூண்ல பிரிச்சு ஏத்தினா நிக்கும். எல்லாத்தையும் ரெண்டு தூண் மேல ஏத்தினா இடியும். காப்பீடும் அப்படித்தான்.

ஒரு கம்பெனியோட குரூப் பாலிசியில 23 வயசு டிரெய்னியும் இருக்கார், 57 வயசு ஃபோர்மேனும் இருக்கார். பல பேருக்கு ஒண்ணும் வராது, சில பேருக்கு வரும். பாரம் பிரிஞ்சு போகுது. அதனாலதான் அங்க சுகர் இருந்தாலும் சேத்துக்கிறாங்க, பெரும்பாலும் காத்திருப்புக் காலமும் இல்லை.

58-வது பிறந்தநாள் அன்னைக்கு அந்த ஃபோர்மேனை அந்தக் கூட்டத்துலேருந்து தனியா பிரிச்சு எடுத்து, அவரை மாதிரியே வயசானவங்க, நோய் இருக்குறவங்க இருக்குற சின்னக் கூட்டத்துல போடுறோம். அங்க பாரத்தைத் தாங்க இளசுகளே இல்லை. விலை ஏறத்தான் செய்யும். முதல் நாள் வரைக்கும் காப்பீடு தகுதியா இருந்த அதே உடம்பு, மறுநாள் காலையில "ஹை ரிஸ்க்" ஆயிடுது. உடம்பு ஒரே ராத்திரியில மாறல. அவரை எந்தக் கூட்டத்துல வச்சிருக்கோம்ங்கிறது தான் மாறுச்சு.

யாரை எந்தக் கூட்டத்துல வைக்கணும்னு முடிவு பண்றது சந்தை இல்ல, அரசு. அதனாலதான் இது அரசியல் பிரச்சனை.

கதவு திறந்திருக்கு, படி ஏற முடியாது

"2024 ஏப்ரல்லேருந்து 65 வயசு வரம்பையே எடுத்துட்டோம், எந்த வயசுலயும் பாலிசி வாங்கலாம்"னு பெருமையா சொல்றாங்க. உண்மைதான். வயசு வரம்பை எடுத்தாங்க. விலை வரம்பு வச்சாங்களா? கதவைத் திறந்து வச்சுட்டு, பத்தாவது மாடிக்கு ஏணி இல்லாம ஏறி வான்னா எப்படி?

வாங்கினாலும் என்ன கிடைக்குது? ஏற்கனவே சுகர், பிரஷர் இருந்தா அது சம்பந்தமான நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். முன்னாடி 4 வருஷமா இருந்தது, அதைக் குறைச்சதுக்கே நன்றி சொல்லணுமாம். கண்புரை, மூட்டு மாற்று மாதிரி ஆபரேஷனுக்குப் பல பாலிசியில தனிக் காத்திருப்பு. ஐம்பத்தெட்டு வயசுக்காரர் எந்த ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவார்னு நினைக்கிறீங்க? முதியோர் பாலிசிகள்ல கோ-பேன்னு ஒண்ணு இருக்கும். பில்லுல ஒரு பங்கை நீங்களே கட்டணும். ரூம் வாடகைக்கு வரம்பு. அந்த வரம்பைத் தாண்டின ரூம்ல படுத்தா டாக்டர் ஃபீஸ் வரைக்கும் விகிதம் போட்டு வெட்டுவாங்க.

ஐஆர்டிஏஐயோட 2023-24 ஆண்டறிக்கையையே எடுத்துப் பாருங்க. மருத்துவக் காப்பீட்டுல கேட்ட தொகையில நிறுவனங்கள் கொடுத்தது சுமார் 71 சதவீதம். நூறு ரூபாய்க்கு 71 ரூபாய். மீதி நிராகரிப்பு, வெட்டு, நிலுவை. அந்த மீதிதான் நம்ம வீட்டு நகையா அடகுக் கடைக்குப் போகுது.

எட்டு வருஷம் வரி வாங்கினதுக்குப் பேர் என்ன?

2017 ஜூலை 1-லிருந்து 2025 செப்டம்பர் 21 வரைக்கும், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 30,000 கட்டுற ரிடையர்டு மனுஷன் வரியா மட்டும் 5,400 கட்டினார். நோய் வந்துடுமோன்னு பயந்து பாதுகாப்பு தேடினதுக்கு வரி!

2023-24-ல மட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துலேருந்து ஒன்றிய, மாநில அரசுகளுக்குச் சேர்ந்து போன ஜிஎஸ்டி 8,262 கோடி ரூபாய். இது நாடாளுமன்றத்துல ஒன்றிய நிதி அமைச்சகம் கொடுத்த பதில். 2024 ஜூலையில் அவங்க சொந்த அமைச்சர் நிதின் கட்கரியே இந்த வரியை எடுக்கச் சொல்லி நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு அந்த மனுவைக் கொடுத்தது யார் தெரியுமா? நாக்பூர் எல்ஐசி ஊழியர் சங்கம். அடுத்த மாசம் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்ற வாசல்ல பதாகை பிடிச்சு நின்னாங்க. நாடாளுமன்ற நிதி நிலைக்குழு அதுக்கு முன்னாடியே வரியைக் குறைக்கச் சொல்லியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, இன்னும் ஒரு வருஷம் வசூல் பண்ணிட்டு, 2025 செப்டம்பர் 22-ல தனிநபர் பாலிசிக்கு வரியை எடுத்துட்டு "தீபாவளிப் பரிசு"ன்னு பேர் வச்சாங்க.

நம்ம பாக்கெட்லேருந்து எட்டு வருஷம் எடுத்ததை நிறுத்துறதுக்குப் பேர் பரிசா?

குரூப் பாலிசிக்கு அப்போவும் 18 சதவீதம் அப்படியே வச்சாங்க, அதையும் கவனிங்க. இந்த வரி விலக்குக்குத் தொழிற்சங்கமும் எதிர்க்கட்சிகளும் கொடுத்த அழுத்தம் ஒரு பாடம். சத்தம் போட்டா நகருவாங்க. 70-ஐ 60 ஆக்குறதுக்கும் அதே சத்தம் வேணும்.

"காசு எங்கேருந்து வரும்?"

எப்பவும் வர்ற கேள்வி. பதில் சொல்லிடுவோம்.

70 தாண்டினவங்களுக்கான விரிவாக்கத்துக்கு ஒன்றிய அமைச்சரவை முதற்கட்டமா ஒதுக்கினது 3,437 கோடி. பிரீமியம் மேல ஒரே வருஷத்துல வசூலான ஜிஎஸ்டி 8,262 கோடி. அதாவது காப்பீடு வாங்கினவங்ககிட்ட வரியா வாங்கினதுல பாதி கூட வேண்டியதில்லை.

2019 செப்டம்பர்ல ஒரே அறிவிப்புல கார்ப்பரேட் வரியைக் குறைச்சாங்க. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்புன்னு அரசே சொன்னது. அன்னைக்கு யாரும் "காசு எங்கேருந்து வரும்"னு கேக்கலையே!

2017 தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025-க்குள்ள அரசோட சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக்குவோம்னு எழுதிச்சு. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி இருந்தது 1.84 சதவீதம். அதே வருஷம் மொத்த மருத்துவச் செலவுல மக்கள் சொந்தக் கையிலேருந்து போட்டது 39.4 சதவீதம். காசு இல்லாம இல்ல. யாருக்குச் செலவு பண்றதுன்னு முடிவு பண்ற மனசுதான் வேற பக்கம் இருக்கு.

முடியும்னு காட்டின மூணு இடம்

ஒண்ணு, நம்ம இஎஸ்ஐயிலேயே இருக்கு. குறைஞ்சது 5 வருஷம் இஎஸ்ஐ கட்டி, ஓய்வு வயசு வரைக்கும் அதுலயே இருந்து ரிடையர் ஆனவர், தனக்கும் தன் துணைக்கும் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டி மருத்துவ வசதியைத் தொடரலாம்னு விதி இருக்கு. மாசம் பத்து ரூபாய்! எப்படி முடியுது? பெரிய கூட்டம், பாரம் பிரியுது. இப்படி ஒரு விதி இருக்குங்கிறதே பல பேருக்குத் தெரியாது. 

ரெண்டு, ராஜஸ்தான். 2021-ல அசோக் கெலாட் அரசு சிரஞ்சீவி திட்டம் கொண்டு வந்தப்போ, ஏழைகளுக்கு இலவசம், மத்த குடும்பங்கள் வருஷம் 850 ரூபாய் கட்டிச் சேரலாம்னு வச்சாங்க. வயசு கேக்கல. நடுத்தரக் குடும்பத்தையும் அதே கூட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க.

மூணு, தாய்லாந்து. 2002-ல சட்டமே போட்டு, வேற எந்தப் பாதுகாப்பும் இல்லாத எல்லாரையும் அரசுத் திட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. மருத்துவமனைக்கு வந்தா 30 பாத் கட்டணம்ங்கிறதால "30 பாத் திட்டம்"னே பேர். நம்மளை விடப் பெரிய வல்லரசா அது?

இன்னும் கேளுங்க. 2025 மார்ச்ல நாடாளுமன்ற சுகாதார நிலைக்குழுவே, இந்த 70 வயசை 60 ஆக்குங்க, 5 லட்சத்தை 10 லட்சம் ஆக்குங்கன்னு பரிந்துரை பண்ணியிருக்கு. எல்லாக் கட்சி எம்.பி.க்களும் இருக்குற குழு அது. கேட்டது நாம மட்டும் இல்ல.

2047 வரைக்கும் காத்திருக்கணுமாம்

ஐஆர்டிஏஐ ஒரு இலக்கு வச்சிருக்கு: "2047-க்குள் அனைவருக்கும் காப்பீடு."

2025-ல 58 வயசுல ரிடையர் ஆனவருக்கு 2047-ல 80 வயசு. அதுவரைக்கும் ஹார்ட் அட்டாக்கை வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டு வைக்க முடியுமா?

நம்ம கோரிக்கைகள்

ஒன்றிய அரசுக்கு:

1. 70 வயது வரம்பை உடனடியாக 60 ஆகக் குறைக்க வேண்டும். 58-ல் வேலையிலிருந்து ஓய்வு பெறும் தனியார் துறை ஊழியருக்கு, ஓய்வு பெற்ற நாளிலிருந்தே தர வேண்டும்.

2. இஎஸ்ஐ சம்பள வரம்பை 21,000-லிருந்து விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். வரம்பைத் தாண்டியதால் வெளியேறியவர்களும் சிறு தொகை கட்டி ஓய்வுக்குப் பின் தொடரும் உரிமை வேண்டும்.

3. 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஆண்டு பிரீமிய உயர்வுக்கு உச்சவரம்பு வேண்டும். "கலந்து பேசணும்" என்ற விதி போதாது, அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது என்ற விதி வேண்டும்.

4. வேலை இழந்தவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும், குரூப் பாலிசியை அதே சலுகைகளோடு, நியாயமான விலையில் சொந்தப் பாலிசியாகத் தொடரும் உரிமையைச் சட்டமாக்க வேண்டும்.

மாநில அரசுக்கு:

5. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பை உயர்த்த வேண்டும். வரம்புக்கு மேல் உள்ள குடும்பங்கள், ராஜஸ்தானில் நடந்தது போல், சிறு ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேர வழி திறக்க வேண்டும்.

"காப்பீடு எதுக்கு, ஜி.ஹெச்.ஐ வலுப்படுத்துங்க"ன்னு சொல்ற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சரியாத்தான் சொல்றீங்க. ஸ்டான்லியும், ராஜாஜியும், ஊர் ஊருக்கு இருக்குற ஆரம்ப சுகாதார நிலையமும்தான் நம்ம உண்மையான காப்பீடு. இந்தக் கோரிக்கை அதுக்கு எதிரா இல்லை. அரசுக் காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கும் போகுது. ரெண்டும் சேர்ந்தே வளரணும்.

அதுவரைக்கும் நம்ம வீட்டுல என்ன செய்யலாம்?

போராட்டம் ஒரு பக்கம். வீட்டுல இருக்குற பெரியவங்களை இன்னைக்கே காப்பாத்துறது இன்னொரு பக்கம்.

1. ரிடையர் ஆகப் போறீங்களா, வேலையை விடப் போறீங்களா? கடைசி நாளுக்கு முன்னாடியே ஹெச்.ஆர்.கிட்ட, குரூப் பாலிசி கொடுத்த அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில சொந்தப் பாலிசிக்கு மாத்திக்கிறதைப் பத்திக் கேளுங்க. மாறும்போது, ஏற்கனவே கழிஞ்ச காத்திருப்புக் காலத்தைக் கணக்குல எடுத்துக்கச் சொல்லிக் கேளுங்க. எழுத்துல வாங்குங்க.

2. இஎஸ்ஐயில இருந்து ஓய்வு பெற்றவங்க அந்த 120 ரூபாய் விதியைப் பத்தி உங்க கிளை அலுவலகத்துல கேளுங்க. ஆண்டுக்கு ஒரு தடவை கட்டணும்.

3. வருமானம் வரம்புக்குள்ள இருந்தா வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்க. கார்டு இல்லாத தகுதியுள்ள குடும்பம் இன்னும் நிறைய இருக்கு. நம்ம கிளைத் தோழர்கள் கூட வருவாங்க.

4. 70 தாண்டினவங்க வீட்டுல இருந்தா வருமானம் பாக்காம ஆயுஷ்மான் கார்டுக்குப் பதிவு பண்ணுங்க. திட்டத்தை யார் கொண்டு வந்தாங்கன்னு பாத்து விட்டுடாதீங்க. அது நம்ம வரிப்பணம்.

5. பாலிசி எடுக்கும்போது சுகர், பிரஷரை மறைக்காதீங்க. ஏஜென்ட் "போட வேண்டாம் சார்"னு சொன்னாலும் போடுங்க. மறைச்சதைக் காரணம் காட்டித்தான் க்ளெய்மைத் தள்ளுவாங்க. பாலிசி 5 வருஷம் தொடர்ந்து ஓடிட்டா, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேற காரணத்துக்காக பழைய விவரத்தைத் தோண்டி மறுக்க முடியாது. அதனால நடுவுல விட்டுடாதீங்க. கம்பெனி மாத்தணும்னா புதுப்பிக்கிற தேதிக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே விண்ணப்பிங்க.

6. முழு பிரீமியம் கட்ட முடியலைன்னா சூப்பர் டாப்-அப் பாருங்க. முதல் சில லட்சம் நம்ம பொறுப்பு, அதுக்கு மேல கம்பெனி பொறுப்பு. பிரீமியம் குறைவா இருக்கும். பெரிய அடி விழும்போது வீடு மிஞ்சும்.

7. க்ளெய்மை மறுத்தா அழுதுட்டு விட்டுடாதீங்க. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். 30 நாள்ல பதில் வரலைன்னா, இல்ல பதில் திருப்தியா இல்லைன்னா, சென்னையில இருக்குற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போங்க. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

தோழர்களே,

இந்தப் பதிவைப் படிச்சுட்டு லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. உங்க தொகுதி எம்.பி.யோட பக்கத்துல போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நிலைக்குழு 60-ன்னு சொன்னதே, நீங்க அவையில எப்போ பேசப் போறீங்க?" எந்தக் கட்சி எம்.பி.யா இருந்தாலும் கேளுங்க. நம்ம கூட்டணி எம்.பி.யா இருந்தாலும் கேளுங்க.

அப்பா அம்மாவோட பிரீமியம் நோட்டீஸ் வீட்டுல கிடந்தா, பேர், பாலிசி நம்பர் எல்லாத்தையும் மறைச்சுட்டு, போன வருஷத் தொகையையும் இந்த வருஷத் தொகையையும் மட்டும் கமெண்ட்ல போடுங்க. தொகுத்து மனுவா கொடுப்போம்.

முப்பது வருஷம் இந்த நாட்டுக்கு உழைச்சு, வரி கட்டி, பிஎஃப் கட்டி, இஎஸ்ஐ கட்டினவங்க கேக்குறது சலுகை இல்ல. அவங்க கட்டின கணக்குல பாக்கி.

பகிருங்கள்! பேசுங்கள்! கேள்வி கேளுங்கள்!

#எழுபதல்ல_அறுபது
#ஓய்வுக்கும்_காப்பீடு
#இஎஸ்ஐ_வரம்பை_உயர்த்து